யாருக்குப் படையல்? எகிப்தின் தெய்வங்களும் விசித்திரப் பிறவிகளும்

முதலை, சிங்கம், நீர்யானை. இந்த மூன்றையும் ஒட்டிச் செய்த உருவங்கள் பண்டைய எகிப்தில் இரண்டு உண்டு. ஒன்றின் பெயர் தாவெரெட்: நீர்யானை உடல், சிங்கக் கால்கள், முதுகு முழுக்க முதலைத் தோல். இன்னொன்று அம்மிட்: முதலைத் தலை, சிங்கத்தின் முன்பாதி, நீர்யானையின் பின்பாதி. சரக்கு ஒன்றுதான், சேர்மானம்தான் வேறு.

ஆனால் தாவெரெட் தெய்வம். கர்ப்பிணிகள் அவள் உருவத்தைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். கார்னக் என்ற பெரிய கோயில் வளாகத்தில் கிடைத்த, கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவளது சிலை ஒன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெருத்த வயிற்றோடு இரண்டு காலில் நிற்கிறாள். பல்லெல்லாம் தெரிகிறது. கைகள் இரண்டும் 'காப்பு' என்று பொருள்படும் சின்னத்தின் மேல் இருக்கின்றன. கல்லை இழைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால், மரியாதையோடு செய்து வைத்த சிலை என்பது தெரியும். அம்மிட்டுக்கு அப்படி ஒரு சிலையும் இல்லை. கோயில் இல்லை, பூசாரி இல்லை, திருவிழா இல்லை.

இணையத்தில் 'எகிப்தியக் கடவுள்கள்' என்று தேடினால் வரும் பட்டியல்களில் இந்த இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். கணினி விளையாட்டுகளில் நரித்தலைத் தெய்வம் அனுபிஸ் வாள் வீசும் அரக்கனாக வருவான். ஸ்ஃபிங்க்ஸை ஒருவர் கடவுள் என்பார், இன்னொருவர் மிருகம் என்பார். விலங்குத் தலை இருந்தாலே கடவுள், பயமாக இருந்தால் பேய் என்று போகிறபோக்கில் பிரித்துவிடுகிறோம். எகிப்தியர்கள் அப்படிப் பிரிக்கவில்லை.

## விலங்குத் தலை எதற்கு?

குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. நரித்தலையோடு ஒரு மனிதன் எங்கோ நிஜமாகவே நடமாடுவதாக எகிப்தியர்கள் நம்பினார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கோயில் சுவர்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. ஹாத்தோர் என்ற பெண் தெய்வம் ஓரிடத்தில் முழுப் பசு. இன்னோரிடத்தில் தலையில் பசுக்கொம்பும் கொம்புக்கு நடுவே சூரிய வட்டமும் தாங்கிய பெண். தூண்களின் உச்சியில் பசுக்காது வைத்த பெண்முகம். எழுத்துத் தெய்வம் தோத் சில படங்களில் அரிவாள்மூக்கன் பறவையின் தலையோடு எழுதிக்கொண்டிருக்கிறான், சில படங்களில் பபூன் குரங்காக உட்கார்ந்திருக்கிறான். ஒரே தெய்வத்துக்கு இத்தனை உடம்பு இருக்க முடியாது என்பது வரைந்தவர்களுக்கும் தெரியும்.

தெய்வத்தின் நிஜ உருவம் மறைவானது, அதை மற்றத் தெய்வங்கள்கூட அறியா என்று பெருந்தெய்வமான ஆமுனைப் பற்றிய துதிப்பாடல்களே சொல்கின்றன. சுவரில் இருப்பது அடையாளம். இது யார், இதன் குணம் என்ன என்று பார்த்ததும் புரிய வேண்டும். கல்லறை மேடுகளைச் சுற்றித் திரிந்தது நரி. ஆகவே பிணத்தைக் காக்கும் அனுபிஸுக்கு நரித்தலை.

ஓவியர்கள் ஒரு சின்ன வித்தை செய்திருக்கிறார்கள். அடுத்த முறை அனுபிஸ் அல்லது ஹோரஸ் படத்தைப் பார்க்கும்போது கழுத்தைக் கவனியுங்கள். நீளமான பொய்முடி ஒன்று தோள்வரை தொங்கும். விலங்குத் தலையும் மனித உடலும் ஒட்டும் இடத்தை அது மூடிவிடும். அதனால்தான் பருந்துத் தலை மனிதன் நம் கண்ணுக்கு உறுத்துவதில்லை.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் உண்டு. இம்ஹோதெப் நம்மைப் போல ஒரு மனிதர். கி.மு. 27ஆம் நூற்றாண்டில் ஜோசர் மன்னரிடம் பெரிய அதிகாரி. சக்காராவில் இருக்கும் படிக்கட்டுப் பிரமிடோடு அவர் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிறது. இறந்து 2,000 ஆண்டுகளுக்கும் பிறகு அவருக்குக் கோயில் எழுந்தது. நோயாளிகள் அவரிடம் வேண்டிக்கொண்டார்கள். உருவமோ தலையை மழித்த மனிதன், மடியில் விரித்த சுருள், அவ்வளவுதான். கொம்பும் இல்லை, வாலும் இல்லை. ஆனாலும் தெய்வம்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: உருவம் எவ்வளவு விசித்திரமாக இருக்கிறது என்பதை வைத்து எகிப்தில் தெய்வத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

## அப்படியானால் நல்லது, கெட்டது?

அதுவும் உதவாது. செக்மெட் சிங்கத்தலைத் தெய்வம். மனித குலத்தையே கொன்று தீர்க்கப் புறப்பட்டவள். செந்நிறமாக்கிய பியரை இரத்தம் என்று நினைத்துக் குடித்து மயங்கியதால்தான் மிச்சம் மீதி மனிதர்கள் பிழைத்தார்கள் என்று ஒரு கதை அரச கல்லறைகளின் சுவர்களில் எழுதப்பட்டிருக்கிறது. கொள்ளைநோயை ஏவிவிடுபவளும் அவள்தான். இப்பேர்ப்பட்டவளுக்கு மூன்றாம் ஆமென்ஹோதெப் மன்னர் நூற்றுக்கணக்கில் சிலை செய்து வைத்தார். கார்னக்கில் இன்றும் பல நிற்கின்றன.

சேத் கதை இன்னும் மோசம். சொந்த அண்ணன் ஒசைரிஸைக் கொன்றவன். புயலும் பாலைவனமும் கலகமும் அவன் துறை. அவனுக்கும் கோயில்கள் இருந்தன, பூசாரிகள் இருந்தார்கள். 'சேத்தி' என்று அவன் பெயரையே வைத்துக்கொண்ட மன்னர்கள் இரண்டு பேர். அதில் முதலாம் சேத்தி அபிடோஸில், அதாவது ஒசைரிஸின் சொந்த ஊரில், பெரிய கோயில் கட்டினார். கொன்றவன் பெயரைச் செத்தவன் வீட்டில் எப்படி எழுதுவது? அந்தக் கோயிலில் மன்னர் பெயரிலிருந்த சேத் சின்னத்தைத் தவிர்த்து வேறு சின்னம் போட்டு எழுதிச் சமாளித்தார்கள்.

பலம், சாகாவரம் என்று பார்த்தாலும் கணக்கு இடிக்கும். ஒசைரிஸ் செத்தே போனான். சூரியத் தெய்வம் ராவுக்கு வயதாகி வாயில் எச்சில் ஒழுகியது. அந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து இசிஸ் என்ற பெண் தெய்வம் பாம்பு செய்தாள். அது கடித்த வலி தாங்காமல் தன் இரகசியப் பெயரை அவளிடம் சொன்னான் ரா. எகிப்தில் தெய்வம் என்றாலே எல்லாம் வல்லது என்று அர்த்தமில்லை.

ஆக உருவமும் குணமும் பலமும் மூன்றும் கைவிடுகின்றன.

## மனு யாருக்கு?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிறோம் என்று வையுங்கள். மனுவில் 'பெறுநர்' என்ற இடத்தில் கலெக்டர் பெயர். வாசலில் காவலர் இருக்கிறார். அவர் நினைத்தால் நம்மை உள்ளே விடாமல் நிறுத்த முடியும், அந்த நேரத்துக்கு அவர் அதிகாரம் பெரிது. ஆனாலும் அவர் பெயருக்கு யாரும் மனு எழுதுவதில்லை. யார், எதற்கு என்று கேட்பார், சரியாகப் பதில் சொன்னால் விடுவார். கூட்டத்தில் பர்ஸை அடிக்க வந்தவன் ஒருவனும் இருக்கலாம். அவனிடம் பேச்சே கிடையாது, கையைத் தட்டி விரட்ட வேண்டியதுதான். இந்த மூன்று பேரின் பலத்தை அளந்து நாம் பிரிக்கவில்லை. அவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

எகிப்திலும் மனிதனுக்கு மேற்பட்ட பிறவிகளோடு ஏறக்குறைய இந்த மூன்று விதமான நடத்தை இருந்தது. படைத்து வேண்டுவது ஒன்று. பெயர் சொல்லிக் கடந்து போவது ஒன்று. விரட்டி அழிப்பது ஒன்று. முதல் விதமான நடத்தை யாருக்குக் கிடைத்ததோ, அதுதான் முழு அர்த்தத்தில் தெய்வம்.

எகிப்தியர்கள் இதை ஒரு பட்டியலாக எழுதி வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெய்வத்தைக் குறிக்க அவர்களிடம் 'நெச்செர்' என்ற சொல் இருந்தது. ஆனால் 'பூதம்', 'புராண விலங்கு' என்று தனி வகுப்பாகக் குறிக்க ஒற்றைச் சொல் இல்லை. நெச்செர் என்பதையும் தாராளமாகவே புழங்கினார்கள். மன்னருக்கும் அது பொருந்தும், பாதாளத்துக் காவலர்களுக்கும் சில இடங்களில் அதே சொல் வரும். அதனால் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் கோடு கிடைக்காது. செய்ததைப் பார்க்க வேண்டும்.

## படையல் எப்படி நடந்தது

அபிடோஸில் முதலாம் சேத்தியின் கோயில் சுவர்களில் தினசரி வழிபாடு காட்சி காட்சியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. விடிந்ததும் பூசாரி கருவறைக்கு வருகிறார். கதவின் தாழ்ப்பாளில் முந்தின நாள் வைத்த களிமண் முத்திரை இருக்கும். அதை உடைக்கிறார், தாழை இழுக்கிறார், கதவைத் திறந்து தரையில் விழுந்து வணங்குகிறார். சிலையிலிருந்து நேற்றைய தைலத்தைத் துடைத்து, தூபம் காட்டி, புதுத் துணி உடுத்தி, புதுத் தைலம் பூசுகிறார். ரொட்டி, பியர், மாட்டிறைச்சி, வாத்து, காய்கள் என்று சாப்பாடு வைக்கப்படுகிறது. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது தன் காலடித் தடத்தைத் தானே துடைப்பத்தால் பெருக்கி அழித்துக்கொண்டே பின்வாங்குகிறார். பிறகு மறுபடியும் களிமண் முத்திரை.

சுவரில் இதையெல்லாம் செய்வது மன்னர். தெய்வத்துக்குப் படைக்கும் உரிமை கொள்கை அளவில் அவர் ஒருவருக்கே. நாடு முழுக்க இத்தனை கோயில்களில் ஒரே காலையில் அவர் நிற்க முடியாது என்பதால் பூசாரிகள் அவர் சார்பில் செய்தார்கள்.

சிலை எப்படிச் சாப்பிடும்? எகிப்தியர்கள் உயிர்ச்சக்தியைக் 'கா' என்றார்கள். மனிதனுக்கும் உண்டு, தெய்வத்துக்கும் உண்டு. உணவிலிருந்து கா எடுத்துக்கொள்வது அதன் சத்தை மட்டும்தான். பண்டம் அப்படியே இருக்கும். தெய்வத்தின் முன்னால் வைத்த சாப்பாடு பிறகு சின்னத் தெய்வங்களின் முன்னாலும் முன்னோர் சிலைகளின் முன்னாலும் போய், கடைசியில் பூசாரிகளின் தட்டுக்கு வரும். கோயிலின் பொருளாதாரமே இந்த ஏற்பாட்டின் மேல் நின்றது. மூன்றாம் ராம்சேஸ் காலத்துக் கொடைகளைப் பட்டியலிடும் நீண்ட பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் ஒன்று, ஆமுனின் பெயரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கணக்குக் காட்டுகிறது.

ஏன் இத்தனை பாடு? எகிப்தியர்கள் உலகம் இயங்கும் சரியான ஒழுங்கை 'மாஅத்' என்றார்கள். நைல் நேரத்துக்குப் பெருகுவது, சூரியன் மறுநாளும் வருவது, நீதிமன்றத்தில் நியாயம் கிடைப்பது எல்லாம் மாஅத். இது தானாக நிலைப்பதில்லை. தெய்வங்கள் அதைத் தாங்கிப்பிடிக்கிறார்கள், மனிதர்கள் தெய்வங்களைத் தாங்கிப்பிடிக்கிறார்கள். நாம் கொடுக்கிறோம், அவர்கள் திருப்பித் தருகிறார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கு உள்ளவரே தெய்வம். செக்மெட் நோயை ஏவுகிறவள் என்பதால்தான் அவளுக்குப் படைக்க வேண்டியிருந்தது. ஏவியவள் மனம் வைத்தால் நிறுத்தவும் முடியும். அவள் ஏவிவிடும் தூதர்களுக்கு, ஆண்டின் கடைசி ஐந்து நாட்களில் நோயைச் சுமந்து திரிவதாகச் சொல்லப்பட்ட அந்தக் கூட்டத்துக்கு, தனியாகப் பேரம் பேசும் அதிகாரம் கிடையாது.

சுருக்கமாக: தெய்வத்துக்கு ஊர் உண்டு, வீடு உண்டு, தினசரிச் சாப்பாடு உண்டு, கேட்டால் தரும் பொறுப்பும் உண்டு.

## வாசல் காப்பவர்கள்

இனி அந்தக் காவலர்களிடம் வரலாம். 'இறந்தோர் புத்தகம்' என்று நாம் சொல்வது, இறந்தவரோடு கல்லறையில் வைக்கப்பட்ட மந்திரத் தொகுப்பு. மறுமைப் பயணத்துக்கான துணைநூல். அதன் 144ஆம் மந்திரத்தில் பாதாளத்தின் ஏழு வாசல்கள் வருகின்றன. ஒவ்வொரு வாசலுக்கும் மூன்று பேர்: வாசற்காவலன், கண்காணிப்பவன், உள்ளே அறிவிப்பவன். முதல் வாசற்காவலனின் பெயர் 'தலைகீழ் முகத்தான், பல உருவத்தான்' என்ற பொருளில் வருகிறது. இன்னும் அருவருப்பான பெயர்களும் உண்டு. படங்களில் முயல்தலை, பாம்புத்தலை என்று உட்கார்ந்திருப்பார்கள், கையில் கத்தி இருக்கும்.

இவர்களிடம் இறந்தவர் வரம் எதுவும் கேட்பதில்லை. 'உன்னை எனக்குத் தெரியும், உன் பெயரும் தெரியும்' என்று சொல்கிறார், வழி விடுகிறார்கள். அவ்வளவுதான் உறவு. இந்நூலின் சில பிரதிகளில் வாசலுக்கு வாசல் இறைச்சியும் ரொட்டியும் பியரும் வைக்கச் சொல்லும் குறிப்பும் இருக்கிறது. கடந்து போகும் நேரத்துக்கான கொடை அது. இந்தக் காவலனுக்கு ஊரில் கோயில் எழுப்பி நாள்தோறும் உடை மாற்றுவது என்ற பேச்சே இந்நூலில் இல்லை. அவனுக்கு ஒரே இடம், ஒரே வேலை. அந்த வாசலை விட்டு எடுத்துவிட்டால் அவனுக்குக் கதையே இல்லை.

அம்மிட்டின் இடமும் இங்கேதான். கி.மு. 1250 வாக்கில் எழுதப்பட்டு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆனி என்ற எழுத்தரின் பாப்பிரஸில் அந்தக் காட்சியைப் பாருங்கள். நடுவில் தராசு. ஒரு தட்டில் ஆனியின் இதயம், மறு தட்டில் மாஅத்தைக் குறிக்கும் இறகு. அனுபிஸ் மண்டியிட்டுத் தராசைச் சரிபார்க்கிறான். தோத் எழுதுகோலோடு நிற்கிறான். தோத்துக்குப் பின்னால், வலது ஓரத்தில், அம்மிட் நிமிர்ந்து பார்த்தபடி காத்திருக்கிறாள். இதயம் கனத்தால் அது அவளுக்கு.

அந்தக் காட்சியில் ஆனி என்ன செய்கிறார்? அம்மிட்டிடம் எதுவும் பேசவில்லை. தன் இதயத்திடம் பேசுகிறார்: 'எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே.' இந்த மந்திரத்தைக் கல்லில் வெட்டி, வண்டு வடிவத் தாயத்தாக மம்மியின் நெஞ்சில் வைப்பது வழக்கம். எத்தனையோ இதய வண்டுகள் கிடைத்திருக்கின்றன. பயந்தவர்கள் காசு செலவழித்தது அம்மிட்டைக் குளிர்விக்க அல்ல, இதயம் காலை வாரிவிடாமல் பார்த்துக்கொள்ள. அம்மிட் தீர்ப்பு சொல்பவள் இல்லை, தீர்ப்பை மாற்றும் அதிகாரமும் அவளுக்கு இல்லை. அவளிடம் கேட்டு என்ன பயன்? (ஒரு இடைக்குறிப்பு: இந்தச் சுருள்களைக் காசு கொடுத்து எழுதி வாங்கியது இறந்தவரின் தரப்பு. ஆகவே தீர்ப்பு எப்போதும் சாதகமாகவே வரும். அம்மிட் பாவம், படத்துக்குப் படம் பட்டினி.)

## வெளியே இருப்பவன்

அபெப் வேறு ரகம். ரா ஒவ்வோர் இரவும் பன்னிரண்டு மணி நேரம் படகில் பாதாளத்தைக் கடக்கிறான். வழியை மறித்து, படகையே விழுங்கப் பார்க்கும் பெரும்பாம்பு அபெப். பலத்தில் இவன் பல தெய்வங்களுக்கு மேல். தினமும் வெட்டினாலும் மறுநாள் வருவான். முழுதாகச் சாகடிக்கவே முடியாது.

ஆனாலும் அபெப் தெய்வமில்லை. காரணம், அவன் மாஅத்துக்கு வெளியே நிற்கிறான். காவலனுக்காவது ஒழுங்கில் ஒரு வேலை இருக்கிறது. அபெப்பின் வேலையே ஒழுங்கை நிறுத்துவது. அவனோடு கொடுக்கல் வாங்கல் வைக்க எதுவும் இல்லை. கோயிலில் அவனுக்கும் ஒரு சடங்கு இருந்தது, அதை வழிபாட்டைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டது என்றே சொல்லலாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டு வாக்கிலான பாப்பிரஸ் ஒன்றில் செய்முறை விவரமாக இருக்கிறது. மெழுகில் பாம்பு செய்து, பச்சை மையில் அவன் பெயரை எழுத வேண்டும். அதன் மேல் துப்ப வேண்டும், இடது காலால் மிதிக்க வேண்டும், கத்தியால் குத்த வேண்டும், பிறகு நெருப்பில் போட வேண்டும். ஆமுனுக்குத் தைலமும் புதுத்துணியும், இவனுக்கு எச்சிலும் இடது காலும். அவன் பெயரை எழுதும்போதுகூடப் பாம்புச் சின்னத்தின் உடம்பில் கத்திகள் செருகியிருப்பதுபோல எழுதும் வழக்கம் இருந்தது.

படகின் முன்னால் நின்று அபெப்பை ஈட்டியால் குத்துகிறவன் யார்? சேத். அண்ணனைக் கொன்ற அதே சேத். இந்த ஒரு காட்சி புரிந்தால் விஷயத்தில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. முரட்டுத்தனமும் கலகமும் படகுக்குள் இருந்தால் தெய்வம். படகுக்கு வெளியே இருந்தால் விரட்ட வேண்டிய பாம்பு. அதற்காகப் பாம்பு என்றாலே பகை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே படகில் ராவைச் சுற்றிச் சுருண்டு காப்பதும் மெஹென் என்ற பாம்புதான்.

## பாலைவனத்து விலங்குகள்

இன்னொரு கூட்டம் மிச்சம் இருக்கிறது. சீக்கிரம் பார்த்துவிடலாம். கி.மு. 3100 வாக்கிலான நார்மர் பலகையில் கழுத்து நீண்ட இரண்டு பூனையின விலங்குகள் கழுத்தோடு கழுத்துப் பின்னி நிற்கின்றன. பெனி ஹசனில் பாக்கெத் என்ற ஆளுநரின் கல்லறைச் சுவரில் வேட்டைக் காட்சி. மான்களுக்கும் காட்டு மாடுகளுக்கும் நடுவே சிறகு வைத்த விலங்கும் பாம்புத்தலைச் சிறுத்தையும் சாதாரணமாக நடந்து போகின்றன. வரைந்தவர் அவற்றுக்குத் தனிமரியாதை எதுவும் தரவில்லை. பாலைவனத்தின் ஆழத்தில் இருக்கும் விலங்குகள், அவ்வளவுதான். யாரும் கும்பிடவும் இல்லை, விரட்டவும் இல்லை.

ஆனால் இவையே வீட்டுக்குள் வந்த இடம் ஒன்று உண்டு. 'மத்திய இராச்சியம்' எனப்படும் காலத்தில், அதாவது ஏறத்தாழ கி.மு. 2000-க்கும் 1650-க்கும் இடையில், நீர்யானைத் தந்தத்தில் வளைந்த கோல்கள் செய்தார்கள். பிரசவித்த தாய்க்கும் குழந்தைக்கும் காவல். அவற்றில் இந்தச் சிறகு விலங்கும் நீள்கழுத்துச் சிறுத்தையும் நீர்யானை உருவமும் வரிசையாகக் கத்தி பிடித்துப் போகும். 'இந்தக் குழந்தையைக் காக்க வந்திருக்கிறோம்' என்ற பொருளில் எழுத்தும் இருக்கும். முரட்டு விலங்கைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வது போன்ற ஏற்பாடு. கோல்களில் வரிசையில் நடந்த உருவங்களில் சிலவற்றுக்கு அதிர்ஷ்டம் அடித்தது, பின்னாளில் தெய்வமாகவே உயர்ந்தன.

## கோடு நகர்ந்த கதைகள்

ஒரு பிறவி எங்கே நிற்கிறது என்பது மனிதர்களின் நடத்தையைப் பொறுத்தது என்றால், நடத்தை மாறினால் அதன் இடமும் மாற வேண்டும். மாறியது.

ஸ்ஃபிங்க்ஸை எடுத்துக்கொள்வோம். சிங்க உடல், மன்னர் தலை. விடுகதை போட்டு ஆளைக் கொல்லும் பெண் ஸ்ஃபிங்க்ஸ் கிரேக்கக் கதை, எகிப்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எகிப்தில் அது மன்னரைச் சிங்கமாகக் காட்டும் ஒரு சிற்ப வகை. கீசாவின் பெரிய ஸ்ஃபிங்க்ஸ் கி.மு. 2500 வாக்கில், காஃப்ரே மன்னர் காலத்தில், ஒரே பாறையில் குடையப்பட்டது. 73 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம். பிறகு மணல் மூடியது, அது யாருடைய முகம் என்பதும் மறந்துபோனது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் அதை ஹோரெம்அகெட், அதாவது 'அடிவானத்து ஹோரஸ்', என்ற தெய்வமாகக் கும்பிட ஆரம்பித்தார்கள். நான்காம் தூத்மோஸ் இளவரசனாக இருந்தபோது அதன் நிழலில் தூங்கினாராம். 'என்னை மூடிய மணலை அகற்று, உனக்கு அரசு தருகிறேன்' என்று அது கனவில் சொன்னதாம். கி.மு. 1400 வாக்கில் அவர் நட்ட கல்வெட்டு அதன் முன்னங்கால்களுக்கு நடுவே இப்போதும் நிற்கிறது. அரசியல் நோக்கத்தோடு சொன்ன கதையாகவும் இருக்கலாம். நமக்கு வேண்டியது பேரத்தின் வடிவம்தான்: நீ செய், நான் தருகிறேன். சாதாரண மக்களும் அங்கே வந்து, காது செதுக்கிய சின்னக் கற்களை வைத்துவிட்டுப் போனார்கள். வேண்டுதல் அதன் காதில் விழ வேண்டும் என்பதற்காக. மன்னரின் சிலையாகத் தொடங்கியது தெய்வமாகிவிட்டது.

பெஸ் கதை இதைவிடச் சுவாரசியம். குள்ள உருவம், சிங்கப் பிடரி, வெளியே நீட்டிய நாக்கு. எகிப்தியர்கள் மற்றத் தெய்வங்களைப் பெரும்பாலும் பக்கவாட்டில் வரைவார்கள், பெஸ்ஸோ நம்மை நேராக முறைப்பான். நீண்ட காலம் அவனுக்கு என்று கோயில் இல்லை. வீட்டுக்குள்தான் அவன் ராஜ்ஜியம்: கட்டில் கால், தலையணைத் தாங்கி, கண்ணாடியின் பிடி. தூங்குகிறவரையும் பிள்ளை பெறுகிறவளையும் பாம்பும் கெட்ட கனவும் நெருங்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மூன்றாம் ஆமென்ஹோதெப்பின் மல்காட்டா அரண்மனைப் படுக்கையறையில்கூட அவன் உருவம் வரிசையாக இருந்தது. அகெனாதென் மன்னர் பழைய தெய்வங்களை ஓரங்கட்டி ஒரே சூரிய வட்டத்தை வழிபட வைத்த அமர்னாவிலேயே, தொழிலாளர் குடியிருப்பின் வீட்டுச் சுவர்களில் பெஸ்ஸும் தாவெரெட்டும் இருந்தார்கள். மன்னர் ஆமுனின் பெயரைக் கல்லில் சுரண்டினார். பிரசவ வலியில் இருப்பவளின் அறைக்குள் அவர் கை நீளவில்லை.

ஒரே வேலை, ஒரே இடம் என்ற கணக்கில் பார்த்தால் பெஸ் வாசற்காவலர்களின் சாதிதான். ஆனால் மக்கள் அவனை விடவில்லை. தெய்வக் குழந்தைகளின் பிறப்பைக் கொண்டாடும் கோயில் கட்டடங்களில் அவனுக்கு இடம் கிடைத்தது. பஹாரியா பாலைச்சோலையில் அவனுக்கென்றே ஒரு கோயில் எழுந்தது. ரோமானியர் காலத்தில் அபிடோஸில், ஒசைரிஸும் சேத்தியும் இருந்த அதே கோயிலில், பெஸ் குறி சொல்லும் தெய்வமாக உட்கார்ந்துவிட்டான். நேரில் வர முடியாதவர்கள் கேள்வியை எழுதி அனுப்பினார்கள்.

அதுதான் வினையாகவும் முடிந்தது. பதில் கிடைத்த பிறகும் சில சீட்டுகள் கோயிலிலேயே கிடந்தன. கி.பி. 359இல் யாரோ அவற்றை ரோமப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பேரரசருக்குச் சந்தேகம் கிளம்பியது. பாலஸ்தீனத்தின் ஸ்கைதோபோலிஸில் இராஜதுரோக விசாரணை வைத்தார்கள். பெஸ்ஸிடம் கேள்வி கேட்டவர்களில் பலர் சித்திரவதைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளானார்கள்.